வெள்ளிப் பெயின்டைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்

பழைய வண்டியின் இன்ஜினை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்கிறவர்களின் கடிதங்கள் நிறைய சேர்ந்துவிட்டன. இந்த முறை அவை மட்டும்.

கேள்வி: என் 1974 மாடல் புல்லட் 350-இன் சிலிண்டரில் கோடு விழுந்துவிட்டது. 'இருபது ஓவர்சைஸ்' (அசல் அளவைவிடப் பெரிய) பிஸ்டன் செட்டை ஆன்லைனில் வாங்கினேன். லேத் பட்டறையில் சிலிண்டரை அளந்துவிட்டு, இருபதில் கோடு போகாது, முப்பதுக்குத்தான் போர் பண்ண (உள்ளே கடைந்து அகலப்படுத்த) வேண்டும் என்கிறார்கள். விற்றவர் பிஸ்டனைத் திருப்பி எடுக்க மறுக்கிறார். புகார் கொடுக்கலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: என்ன சொல்லிப் புகார் கொடுப்பீர்கள்? நீங்கள் கேட்ட அளவைத்தான் அவர் அனுப்பியிருக்கிறார். பொருளில் குறை இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாக இருந்தாலோ ஆன்லைன் விற்பனையாளர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-இல் வந்த மின்வணிக விதிகள் சொல்கின்றன. அளக்காமல் வாங்கிவிட்டு அந்த விதியைக் காட்ட முடியாது.

மாதத்துக்கு நாலு பேர் இதே தவறைச் செய்துவிட்டு எழுதுகிறீர்கள். முதலில் சிலிண்டரைக் கழுவி, லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அளக்கச் சொல்லுங்கள். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடம்; ஒவ்வொரு இடத்திலும் நீளவாக்கில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை. ரிங் மேலே போய்த் திரும்புகிற இடத்தில்தான் தேய்மானம் அதிகம், அதனால் கீழே மட்டும் அளந்தால் சிலிண்டர் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். எந்த அளவில் கோடு முழுவதும் போகும் என்று தெரிந்த பிறகு பிஸ்டனை வாங்குங்கள். பிறகு அந்தப் பிஸ்டனையே பட்டறையில் கொடுத்து, அதை அளந்து, பிஸ்டன் கம்பெனி சொல்லும் இடைவெளியை விட்டுப் போர் பண்ணச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 'இருபது' என்றால் ஒரு இஞ்சை ஆயிரமாகப் பிரித்ததில் இருபது பங்கு, அதாவது அரை மில்லிக்குக் கொஞ்சம் கூட. முப்பது என்றால் முக்கால் மில்லி. சில கடைக்காரர்கள் மில்லிக் கணக்கில் 0.20 என்று புரிந்துகொள்வார்கள். ஆர்டர் கொடுக்கும்போது அளவை மில்லிமீட்டரில் எழுதியே கொடுங்கள்.

கேள்வி: சிலிண்டரில் உள்ள கோட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு அதே பிஸ்டனை மாட்டலாமா? – தஞ்சை வாசகர்

பதில்: கூடாது.

கேள்வி: அலுமினிய ஹெட்டில் ஸ்பார்க் பிளக் மரை போய்விட்டது. ஹெட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பழைய ஹெட் ஒன்றுக்குக் கடையில் பெரிய தொகை சொல்கிறார்கள். – விழுப்புரம் வாசகர்

பதில்: மாற்ற வேண்டாம். ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாக வைக்கும் கம்பிச் சுருள்) போடுகிற பட்டறையைத் தேடுங்கள், அல்லது இரும்பு புஷ் கடைந்து போடச் சொல்லுங்கள். பெரும்பாலான பழைய பைக்குகளில் பிளக் மரை 14 மில்லி, பிட்ச் 1.25. இருந்தாலும் உங்கள் பிளக்கையே கொண்டுபோய் நீளத்தையும் காட்டுங்கள். பிளக் நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கும். அப்புறம், இனிமேல் இன்ஜின் ஆறிய பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையால் சுற்றிவிட்டுப் பிறகுதான் ஸ்பானர்.

கேள்வி: யெஸ்டி வண்டிக்குக் கிராங்க் கேஸ் (கிராங்க் சுழலும் இன்ஜின் அடிக்கூடு) வேண்டுமென்று, பழைய பாகங்கள் விற்பதையே தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் வாங்கினேன். 'கம்பெனி ஒரிஜினல், வெல்டிங் கிடையாது' என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். பளபளவென்று வெள்ளிப் பெயின்ட் அடித்து வந்தது. பேரிங் மாட்டும்போது பெயின்ட் உரிந்தது. அடியில் விரிசல், அதில் பசையை அடைத்திருக்கிறார்கள். கேட்டால், 'பழைய பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது' என்கிறார். ஒன்பதாயிரம் போய்விட்டது. – மதுரை வாசகர்

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. நீங்கள் கேட்க வேண்டியதைக் கேட்டீர்கள், அவர் பொய் சொன்னார். இதே வலி எனக்கும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜாவா கிராங்க் கேஸை இப்படித்தான் வாங்கினேன். இன்ஜினை முழுக்கச் சேர்த்து, ஓட்டிப் பார்த்து, இரண்டாவது வாரம் பிஸ்டன் பிடித்த (சிலிண்டரில் இறுகி நின்ற) பிறகுதான் விரிசல் தெரிந்தது. கேஸ், பிஸ்டன், சிலிண்டர் மூன்றும் போயின.

இந்த வெள்ளிப் பெயின்டைப் பற்றி நான் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன். ஜாவாவும் யெஸ்டியும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றில் கிராங்க் கேஸ் வெறும் கூடு இல்லை. பெட்ரோலும் காற்றும் கலந்து முதலில் அதற்குள்தான் வருகிறது, பிஸ்டன் கீழே இறங்கும் அழுத்தத்தில் அங்கிருந்துதான் மேலே போகிறது. விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே போனால் கலவையில் பெட்ரோல் குறையும், பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறையும். இன்ஜின் சூடேறிப் பிஸ்டன் பிடிக்கும். வேகமாகப் போகும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஓட்டுகிறவர் கீழே விழுவார். விரிசலைப் பசையால் மூடிப் பெயின்ட் அடிக்கிறவருக்கு இது தெரியும். தெரிந்தேதான் விற்கிறார். மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்டது. புதிய கேஸ் அங்கிருந்து வரப் போவதில்லை என்பதால் நாம் எதையும் வாங்குவோம் என்று இவர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

இனி யாரும் பெயின்ட் அடித்த கேஸை அப்படியே வாங்காதீர்கள். கத்தி முனையால் சுரண்டிப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். மறுத்தால் வேண்டாம். பெயின்ட் இல்லாத கேஸ் கைக்கு வந்ததும் கழுவிக் காயவைத்து, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவுங்கள், கிடைக்காவிட்டால் டீசல். வெளிப்பக்கம் சாக்பீஸைத் தேய்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். ஊடுருவிய விரிசல் இருந்தால் வெள்ளையில் ஈரக்கோடு தெரியும். பேரிங் உட்காரும் இடத்தையும் போல்ட் துளைகளைச் சுற்றியும் நன்றாகப் பாருங்கள். இரண்டு பாதிகளும் ஒன்றாகக் கடைந்த ஜோடியா என்றும் கேளுங்கள். ஒரு வண்டியின் இடது பாதியும் வேறொன்றின் வலது பாதியும் சேர்ந்தால் கிராங்க் நேராக நிற்காது.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். பழைய பொருள் என்பதால் பொய் சொல்லும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. வியாபாரமாக விற்கிறவர் பொருளின் நிலையைப் பொய்யாகச் சொன்னால் அது முறையற்ற வணிகம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, விரிசலின் படம் எதையும் அழிக்காதீர்கள். கேஸை வெல்டிங்குக்கு அனுப்பாதீர்கள், அதுதான் சாட்சி. பணத்தைத் திருப்பிக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் வேறு ஊர் என்றாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். முடிவு என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: இன்ஜின் நம்பரைத் தேய்த்து எடுத்த ஒரு கேஸ் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? – சேலம் வாசகர்

பதில்: வேண்டாம். இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அது திருட்டு வண்டியிலிருந்து வந்திருந்தால் காவல் நிலையத்தில் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

கேள்வி: வீட்டில் சிலிண்டர், பிஸ்டன் அளக்க என்ன கருவி வாங்கலாம்? டிஜிட்டல் வெர்னியர் போதுமா? – திருநெல்வேலி வாசகர்

பதில்: போதாது. போரில், அதாவது சிலிண்டரின் உள்துளையில், நாம் தேடுவது ஒரு மில்லியில் நூறில் சில பங்கு வித்தியாசம். வெர்னியரின் தாடை விளிம்பைத் தாண்டி உள்ளே போகாது, நடுவில் உள்ள தேய்மானம் அதற்குத் தெரியாது. நான் ஒரு மலிவு மைக்ரோமீட்டரை நம்பி ஒரு பிஸ்டன் வாங்கிப் பணத்தை விட்டேன். பிறகு சோதித்தால் அது ஒரு மில்லியில் நூறில் மூன்று பங்கு தவறாகக் காட்டுகிறது. சரிபார்க்க அளவுக்கட்டை சேர்த்துத் தருகிற நல்ல மைக்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள், அதோடு இடைவெளி அளக்க ஒரு ஃபீலர் கேஜ். போரை அளக்கும் டயல் கேஜ் வாங்க வேண்டாம், வருடத்துக்கு ஒரு சிலிண்டருக்காக அவ்வளவு செலவு எதற்கு? பட்டறையிலேயே அளந்து தருவார்கள். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்து, எண்களை எழுதி வாங்குங்கள்.

கேள்வி: 1969 புல்லட் வாங்கியிருக்கிறேன். புது இன்ஜின் வைத்துவிட்டு விண்டேஜ் பதிவு வாங்க முடியுமா? – கோவை வாசகர்

பதில்: முடியாது. 2021-இல் வந்த விதிப்படி 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு அந்தப் பதிவு உண்டு. ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பழைய இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அப்பா ஓட்டிய புல்லட்டின் வார்ப்பிரும்புச் சிலிண்டர். கழற்றும்போது கை தவறி விழுந்து ஓரத்தில் ஒரு ஃபின் (சூட்டை வெளியேற்றும் தகடு) விரல் நீளத்துக்கு உடைந்துவிட்டது. போர் நன்றாக இருக்கிறது. வேறு சிலிண்டர் வாங்கிவிடச் சொல்கிறார்கள். மனசு வரவில்லை. – காரைக்குடி வாசகர்

பதில்: வாங்க வேண்டாம். ஒரு ஃபின்னில் விரல் நீளம் போனதால் இன்ஜின் சூடேறிவிடாது. விரிசல் ஃபின்னோடு நிற்கிறதா, சிலிண்டர் சுவர் வரை போயிருக்கிறதா என்பதை மட்டும் முன்னே சொன்ன சாக்பீஸ் முறையில் பாருங்கள். சுவர் நன்றாக இருந்தால் உடைந்த விளிம்பை அரம் போட்டு மழுக்கிவிட்டு அதையே மாட்டுங்கள். அழகுக்காக யாராவது அதைச் சாதாரண வெல்டிங்கில் ஒட்டித் தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள். வார்ப்பிரும்பை முழுவதும் சூடுபடுத்தி மெதுவாக ஆற வைக்காமல் வெல்டிங் செய்தால் பக்கத்தில் புதிதாக வெடிக்கும், போரின் வட்டமும் கெடும். உடைந்த துண்டைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். வார்ப்பிரும்பு வெல்டிங்கே தொழிலாகச் செய்கிறவர் கிடைத்தால் அடுத்த முறை சிலிண்டரை இறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.