வாசகர் கேள்வி: சிறகுக் கதவு காரும் அலுமினிய காரும்

கேள்வி: 1954-ல் வந்த மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்எல் காரையும் 1990-ல் விற்பனைக்கு வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரையும் ஒப்பிடுவது முறைதானா? பொறியியலில் எது பெரிய சாதனை? – கோவை வாசகர்

பதில்: தாராளமாக ஒப்பிடலாம். இரண்டுமே ஆறு சிலிண்டர் கார்கள். முன்னதன் என்ஜின் 2,996 சி.சி., பின்னதன் என்ஜின் 2,977 சி.சி. என்பதால், கொள்ளளவு மாறாத நிலையில் மற்றவை எவ்வளவு மாறின என்பது நன்றாகவே புலப்படும்.

300 எஸ்எல்லின், சிறகுபோல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகளை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அவை வேறு வழியின்றி வந்தவை. 1952-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மெர்சிடிஸ் காரைப் போலவே இதற்கும் மெல்லிய எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துக் கூடு அமைத்தார்கள். அந்தக் கூடு உறுதியாக இருக்கப் பக்கவாட்டிலும் குழாய்கள் உயரமாகச் செல்ல வேண்டியிருந்ததால், வழக்கமான கதவுக்கு இடமில்லாமல் போய், கீல்கள் கூரைக்கு ஏறின. உள்ளே உட்கார அந்த உயரமான விளிம்பைத் தாண்டிக் காலை இறக்க வேண்டும். அதற்காகவே ஸ்டீயரிங் சக்கரத்தைக் கீழ்நோக்கி மடக்கும் வசதி உண்டு. ஜன்னல் கண்ணாடியை இறக்க முடியாது, கழற்றித்தான் வைக்க வேண்டும். கோடையில் ஓட்டியவர்களின் பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும்!

சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை, நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் கொண்ட விற்பனைக் கார்களில் முதன்முதலாக இதில்தான் வந்தது. ஆனால் சாவியைத் திருப்பி அணைத்த பிறகும், என்ஜின் சுழன்று ஓயும் வரை பம்ப் பெட்ரோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். எரியாத அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிச் சென்று மற்ற ஆயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். பின்சக்கரங்களின் ஸ்விங் ஆக்சில் (சக்கரம் மேலும் கீழும் அசையும்போது அதன் சாய்வும் மாறும் அச்சு) இன்னும் ஆபத்தானது: வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் காரின் பின்பகுதி வெளிப்பக்கம் வீசும். 1957-ல் வந்த, கூரை திறக்கும் ரோட்ஸ்டர் வகையில்தான் இதைத் திருத்தினார்கள்.

என்எஸ்எக்ஸ் இதற்கு நேர்மாறான எண்ணத்தில் உருவானது. உடல் முழுவதும் அலுமினியம். பிஸ்டன்களை கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகள் டைட்டானியம். என்ஜின் நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை போகும். அப்படியிருந்தும் ஓட்டுநரின் பார்வையை எதுவும் மறைக்காது, அன்றாடம் அலுவலகத்துக்கே எடுத்துப் போகலாம். 1989-ல் ஜப்பானின் சுசுகா பந்தயத் தடத்தில் மாதிரிக் காரை ஓட்டிப் பார்த்த ஃபார்முலா 1 பந்தய வீரர் அயர்டன் சென்னா, உடலின் உறுதி போதவில்லை என்று சொன்னதையடுத்து, ஹோண்டா பொறியாளர்கள் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் சோதித்துச் சோதித்து அதை வலுப்படுத்தினார்கள். பின்னாளில் மெக்லாரன் எஃப்1 என்ற அதிவேகச் சாலைக் காரை வடிவமைத்த கார்டன் முர்ரே தமக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டது இந்தக் காரைத்தான்.

துணிச்சலுக்குப் பரிசு என்றால் 300 எஸ்எல்லுக்குத் தருவேன். ஆனால் நீங்கள் கேட்டது பொறியியல் சாதனை. வேகத்துக்காக ஓட்டுநரை வதைக்காத காரைச் செய்வதே கடினம் என்பதால், என் ஓட்டு என்எஸ்எக்ஸுக்கு.

கேள்வி: அப்படியானால் 300 எஸ்எல் மட்டும் ஏன் பல மடங்கு விலைக்குப் போகிறது? – அதே வாசகர்

பதில்: எண்ணிக்கைதான் முதல் காரணம். சிறகுக் கதவு வைத்தவை 1,400 மட்டுமே. அவற்றிலும் அலுமினிய உடல் கொண்டவை 29. முதல் தலைமுறை என்எஸ்எக்ஸோ 18,000-க்கு மேல் தயாரானது.