பிரசென்ட் பெர்ஃபெக்ட்: டீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி: டீச்சர், பிரசென்ட் பெர்ஃபெக்ட் டென்ஸில் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ பக்கத்தில் வி-த்ரீ (‘ஸீன்’, ‘கான்’ மாதிரி வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம்) வரும் என்ற விதி தெரியும். பேசும்போதுதான் எங்கே போடுவது என்று பிடிபடவில்லை.

பதில்: தமிழிலேயே அதற்கு ஒரு பிடி இருக்கிறது. ‘பார்த்தேன்’ என்றால் ‘ஐ ஸா’. ‘பார்த்திருக்கிறேன்’ என்றால் ‘ஐ ஹேவ் ஸீன்’. அந்த ‘இருக்கிறேன்’தான் ‘ஹேவ்’ செய்யும் வேலையைச் செய்கிறது. எப்போது நடந்தது என்பது முக்கியமில்லை, நடந்த விஷயம் இப்போதைக்குப் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியென்றால் ‘நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்பதற்கு ‘இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ சரிதானே?

பதில்: தவறு. நான் சொன்ன பிடி நழுவுகிற இடமே இதுதான். ஈரத்தரையைப் பார்த்து ஊகிக்கும்போதும் நாம் ‘பெய்திருக்கிறது’ என்போம், கூடவே ‘நேற்று’ம் போடுவோம். ஆங்கிலத்தில் ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் நைட்’, ‘டூ டேஸ் அகோ’ மாதிரி முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் பிரசென்ட் பெர்ஃபெக்ட் கூடாது. ‘இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்’. ஊகம் என்று காட்ட வேண்டுமானால் ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட்’. ‘வென்’ என்று கேட்பதும் அப்படியே: ‘வென் ஹேவ் யு கம்?’ வராது, ‘வென் டிட் யு கம்?’ என்றே கேளுங்கள்.

கேள்வி: இன்டர்வியூவில் ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்றேன். திருத்தினார்கள். ஏன் என்று இன்னும் புரியவில்லை.

பதில்: வருத்தப்படாதீர்கள், தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான். ‘ஐந்து வருஷமாக வேலை பார்க்கிறேன்’ என்று நமக்கு நிகழ்காலமே போதும். ஆங்கிலத்துக்குப் போதாது. அன்று தொடங்கி இன்றும் தொடர்வதால் ‘ஐ ஹேவ் ஒர்க்ட் ஹியர்’ அல்லது ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர்’. ‘ஐ ஒர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றால் வேலையை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தமாகிவிடும்.

இரண்டாவது பிழை ‘சின்ஸ்’. தமிழ் விகுதியைப் பாருங்கள். ‘2019-இலிருந்து’ என்றால் ‘சின்ஸ் 2019’. ‘ஐந்து வருஷமாக’ என்றால் ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. ‘இலிருந்து’க்கு ‘சின்ஸ்’, கால அளவோடு வரும் ‘ஆக’வுக்கு ‘ஃபார்’. இதை ஒருமுறை பதித்துக்கொண்டவர்கள் மறுபடி குழம்பி நான் பார்த்ததில்லை.

கேள்வி: ‘ஹேஸ் கான்’, ‘ஹேஸ் பீன்’ வித்தியாசம்?

பதில்: ‘ஷி ஹேஸ் கான் டு லண்டன்’: போயிருக்கிறாள், இன்னும் திரும்பவில்லை. ‘ஷி ஹேஸ் பீன் டு லண்டன்’: போய்வந்திருக்கிறாள்.

கேள்வி: ‘ஐ ஜஸ்ட் ஏட்’ என்று சிலர் பேசுகிறார்களே, பிழையா?

பதில்: இல்லை, அமெரிக்க வழக்கில் சகஜம். பிரிட்டிஷ் வழக்கில் ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்’ என்பார்கள். தேர்வில் இரண்டாவதை எழுதுவது பத்திரம்.

கேள்வி: தினமும் எப்படிப் பயிற்சி செய்வது? கோடிட்ட இடங்களை நிரப்பிச் சலித்துவிட்டது.

பதில்: சலிக்கத்தான் செய்யும். அதில் பதில் மட்டும் வரும், பேச்சு வராது. இப்படிச் செய்து பாருங்கள். பெர்ஃபெக்டில் பேச்சைத் திறந்து, விவரத்தைப் பாஸ்ட் டென்ஸில் சொல்லுங்கள். ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ.’ எப்போது? ‘ஐ லாஸ்ட் இட் திஸ் மார்னிங்.’ எங்கே? ‘ஐ லெஃப்ட் இட் ஆன் தி பஸ்.’ முதல் வாக்கியம் மட்டுமே பெர்ஃபெக்ட், மற்றவை பாஸ்ட். அன்றன்றைக்கு உங்களுக்கு நடந்த மூன்று விஷயங்களை எடுத்து வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுதினால் மட்டும் போதாது.

கேள்வி: அப்படிச் சொல்லும்போது ‘ஐ ஹேவ் வென்ட்’ என்றே வாயில் வருகிறது, டீச்சர்.

பதில்: அது டென்ஸ் குழப்பமல்ல, வி-த்ரீ பழகாததுதான். ‘கோ, வென்ட், கான்’, ‘ஸீ, ஸா, ஸீன்’ என்று மூன்றையும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள். முதலில் அடிக்கடி புழங்கும் இருபது சொற்கள் போதும்.