ஆரத்தித் தட்டோடு ஒரு கேள்வியும்

கேள்வி: வெங்காயக் காட்டில் கூலி வேலை செய்கிறேன். எங்கள் ஊருக்கு ஓட்டுக் கேட்டு வந்தால் ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்கள். பெண்கள் ஆரத்தி எடுப்போம், அவ்வளவுதான். இந்த முறை வேட்பாளரிடம், ஆண்களைவிட எங்களுக்குக் கூலி குறைவாகக் கொடுப்பதைப் பற்றிக் கேட்க ஆசை. ஆனால் என் கணவர், தான் சொல்கிற சின்னத்துக்கே போட வேண்டும் என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார். மாற்றிப் போட்டால் மெஷினில் சீட்டு வருமாம், தெரிந்துவிடுமாம். என்ன செய்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில் அந்தச் சீட்டுப் பயத்தை விடுங்கள், தங்கச்சி. பட்டனை அமுக்கியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் நீங்கள் போட்ட சின்னம் 7 விநாடி தெரியும். பிறகு சீட்டு தானாக அறுந்து உள்ளே விழுந்துவிடும். மறைப்புக்குள் நிற்கிற உங்களைத் தவிர யார் கண்ணிலும் படாது. அதில் உங்கள் பெயரும் இருக்காது. எண்ணி முடித்தபின், உங்கள் சாவடியில் எந்தச் சின்னத்துக்கு எத்தனை ஓட்டு என்பது வெளியே வரும். எது யார் போட்டது என்று தேர்தல் அதிகாரிக்கே தெரியாது.

மிரட்டி வாங்கிய சத்தியம் உங்களைக் கட்டாது என்றே நான் நினைக்கிறேன். மனசு உறுத்தினால் கோயிலில் ஒரு விளக்கு ஏற்றிவிட்டுப் போங்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று வீட்டில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அதற்காகக் கை நீட்டினால் 181க்கு போன் செய்யுங்கள்.

1951-52ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. தங்கள் பெயரைச் சொல்லத் தயங்கி, 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்றே பதியச் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஓட்டு உங்கள் பெயருக்குத்தான், கணவர் பெயருக்கு இல்லை. கல்யாணமாகி வந்தவர் என்றால் அது இன்னும் அம்மா ஊரிலேயே கிடக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மாற்றுவதற்குப் படிவம் 8. சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம்.

கூலி விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள். தனியாகக் கேட்டால் 'இது யார் வீட்டுப் பொம்பளை' என்று பேச்சைத் திருப்பிவிடுவார்கள். மகளிர் குழுவில் ஐந்தாறு பேர் சேர்ந்து நில்லுங்கள். ஆரத்தி சுற்றி முடித்து, தட்டில் நோட்டு விழுவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். விழுந்தபின் வாய் வராது. "ஆம்பளை மூட்டை தூக்குகிறான்" என்பார்கள். மூட்டையே தூக்காத நாளிலும் அவருக்கு ஆண் கூலிதானே கொடுக்கிறார்கள்? நாள் முழுக்கக் குனிந்து பிடுங்குகிற இடுப்பு வலிக்கு என்ன கணக்கு? சம வேலைக்குச் சம கூலி என்று 1976லேயே சட்டம் வந்தாயிற்று. அதனால் 'சட்டம் கொண்டுவருவேன்' என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். "தொழிலாளர் துறை அதிகாரியை எங்கள் காட்டுக்கு எப்போது அழைத்து வருவீர்கள்?" என்று கேளுங்கள்.

2021ல் நம் சட்டமன்றத்தின் 234 இடங்களில் ஜெயித்த பெண்கள் 12 பேர்தான். நமக்காக உள்ளே யாராவது பேசிவிடுவார்கள் என்று காத்திருக்க முடியாது.

வேட்பாளர் சொல்கிற பதிலை அன்றைக்கே தேதி போட்டுக் குழு நோட்டில் எழுதி வையுங்கள்.