262 ஹிட் அடித்தும் ஏழாவது இடமா? ஓர் அவுட்ஃபீல்டரின் சீசனை மதிப்பிடும் முறை

கேள்வி: வேலை காரணமாகச் சியாட்டிலுக்குக் குடிவந்தவன் நான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு பேஸ்பால் இப்போதுதான் பிடிபடத் தொடங்கியிருக்கிறது. பள்ளி அணியில் ரைட் ஃபீல்டில், அதாவது மட்டையாளரின் பார்வையில் மைதானத்தின் வலப்புற வெளிப்பகுதியில், ஆடும் என் மகன், எங்கள் ஊர் மரினர்ஸ் அணியின் இச்சிரோ சுசுகி 2004-ல் 262 ஹிட் அடித்தும் அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருது வாக்கெடுப்பில் ஏழாவதாக வந்தது ஏன் என்று கேட்கிறான். அவனுக்குப் பிடித்த இன்றைய வீரர் ஒருவரின் பேட்டிங் சராசரி முதல் மாதம் முடிந்தபோது 0.240, அவர் ஆட்டம் முடிந்துவிட்டதா என்றும் கவலைப்படுகிறான். ஓர் அவுட்ஃபீல்டரின் புள்ளிவிவரப் பக்கத்தை எந்த வரிசையில் படித்தால் இதற்கெல்லாம் விடை கிடைக்கும்?

பதில்: உங்கள் மகனின் முதல் கேள்வி மிகவும் நல்ல கேள்வி. சுருக்கமான விடை இதுதான்: வாக்களித்தவர்கள் இச்சிரோவின் எண்களோடு அவருடைய அணியின் தோல்விகளையும் சேர்த்தே எடைபோட்டார்கள், அதே சமயம் 262 என்ற எண் பார்வைக்குத் தரும் வியப்பின் அளவுக்கு, மட்டையால் அவர் ஈட்டித்தந்த ரன்களின் மதிப்பு உயரவில்லை என்பதும் உண்மை. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டால் எந்த வீரரின் பக்கத்தையும் நீங்களே படித்துவிடலாம்.

முதலில் வாய்ப்புகளைப் பாருங்கள். (பேஸ் என்பது மட்டையாளர் ஓடிச் சுற்ற வேண்டிய நிலைகளில் ஒன்று; ஹிட் என்பது பந்தை அடித்து அவுட் ஆகாமல் பேஸை அடைவது.) 2004-ல் இச்சிரோ 161 ஆட்டங்களில் 762 முறை மட்டை பிடிக்க வந்தார். அதில் வாக் (தவறாக எறியப்பட்ட நான்கு பந்துகளால் கிடைக்கும் இலவச பேஸ்), பந்து உடலில் பட்டு பேஸுக்குச் சென்றது, தியாக அடிகள் ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 704 முயற்சிகள்; பேட்டிங் சராசரி இந்த 704-ஐ வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. 262-ஐ 704-ஆல் வகுத்தால் 0.372. அவர் முறியடித்த சாதனை செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸ் அணியின் ஜார்ஜ் சிஸ்லர் 1920-ல் படைத்தது: 257 ஹிட். ஆனால் சிஸ்லருக்கு அதற்கு 631 முயற்சிகளே தேவைப்பட்டன. அவருடைய சராசரி 0.407. அக்காலத்தில் ஒரு சீசனுக்கு 154 ஆட்டங்கள், இப்போது 162. இதைச் சொல்வது இச்சிரோவின் சாதனையைக் குறைப்பதற்காக அல்ல. மொத்த எண்ணிக்கைகள் அனைத்தும் வாய்ப்பின் அளவைத் தம்முள் ஒளித்து வைத்திருக்கின்றன என்பதைக் காட்டத்தான். வரிசையில் முதலாவதாக இறங்குபவர், காயமின்றி எல்லா நாளும் ஆடுபவர், வாக் அதிகம் வாங்காதவர் ஆகிய மூன்று தன்மைகளும் ஒருவரிடம் சேர்ந்தால்தான் 704 முயற்சிகள் கிடைக்கும். தவிர, 84 ஆண்டுகளாக ஒருவரும் தொடாத எண்ணைத் தாண்டியதன் பெருமை வகுத்தலால் கரைந்துவிடாது. அக்டோபர் 1 அன்று உங்கள் ஊர் மைதானத்தில் 258-ஆவது ஹிட் விழுந்ததும், சிஸ்லரின் மகள் அமர்ந்திருந்த இடத்துக்கே சென்று இச்சிரோ மரியாதை செலுத்தினார்.

அடுத்து, அவர் எவ்வளவு முறை அவுட் ஆகாமல் பேஸை அடைந்தார் என்பதைப் பாருங்கள். என் கணிப்பில் பக்கத்தின் மிக முக்கியமான எண் இதுவே. பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸில் 27 அவுட்டுகள்தாம் உண்டு; அவற்றைச் செலவழிக்காமல் காப்பவரே அணிக்கு ரன் ஈட்டித்தருகிறார். ஆன்-பேஸ் விகிதம் என்பது ஹிட், வாக், பந்து உடலில் படுதல் மூன்றையும் கூட்டிக் கணக்கிடுவது. 2004-ல் இச்சிரோவுக்கு அது 0.414. மிக நல்ல எண்தான், ஆனால் 0.372 சராசரி உடையவரிடம் எதிர்பார்க்கக்கூடிய உயரம் அல்ல, ஏனெனில் அவர் வாங்கிய வாக் 49 மட்டுமே.

மூன்றாவது, ஒவ்வோர் அடியும் எத்தனை பேஸ் பெற்றுத் தந்தது என்பது. இச்சிரோவின் 262 ஹிட்டுகளில் 225 சிங்கிள். அதாவது ஒரு பேஸ் அடிகள். மீதி 24 டபுள் (இரண்டு பேஸ்), 5 டிரிபிள் (மூன்று), 8 ஹோம் ரன் (நான்கு). ஆகவே முயற்சி ஒன்றுக்கு அடியால் கிடைத்த பேஸ்களைச் சொல்லும் ஸ்லக்கிங் விகிதம் அவருக்கு 0.455-இல் நின்றது. அவ்வாண்டு விருதை வென்ற விளாடிமிர் கெரெரோவும் ரைட் ஃபீல்டர்தான். அனாஹைம் ஏஞ்சல்ஸ் அணிக்காக 206 ஹிட், 39 ஹோம் ரன் அடித்தார். அவருடைய சராசரி 0.337, ஆன்-பேஸ் 0.391, ஸ்லக்கிங் 0.598. ஆன்-பேஸில் இச்சிரோ சற்று முன்னே. ஸ்லக்கிங்கில் கெரெரோ வெகுதூரம் முன்னே. ஆன்-பேஸில் கிடைக்கும் ஒரு புள்ளி ஸ்லக்கிங்கில் கிடைக்கும் ஒரு புள்ளியைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு மதிப்புள்ளது என்று ஆய்வாளர்கள் கொள்வார்கள். அந்தச் சலுகையைக் கொடுத்த பிறகும் மட்டையின் வலிமையில் கெரெரோவே மேல். ஆன்-பேஸையும் ஸ்லக்கிங்கையும் சேர்த்து, மைதானத்தின் தன்மையையும் லீக்கின் பொதுநிலையையும் சரிகட்டி, 100 என்பதைச் சராசரியாக வைத்துச் சொல்லும் ‘ஓபிஎஸ் பிளஸ்’ அளவில் இச்சிரோ 130, கெரெரோ 157. ஆக, வாக்களித்தவர்கள் ஒரேயடியாகத் தவறிவிட்டார்கள் என்று நாம் சொல்ல முடியாது.

இனி அணியைச் சார்ந்த எண்கள். இந்த இடத்தில்தான் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனெனில் புதிதாகப் பார்ப்பவர்கள் மட்டுமல்ல, பல்லாண்டு பார்த்தவர்களும் இங்கே தடுமாறுகிறார்கள். 2001-ல், அமெரிக்காவில் தம் முதல் சீசனில், இச்சிரோ 242 ஹிட், 30 வாக், உடலில் பட்டவை 8 என மொத்தம் 280 முறை பேஸை அடைந்தார். 127 ரன் எடுத்தார். 2004-ல் அவர் 315 முறை பேஸை அடைந்தார். எடுத்த ரன்களோ 101. முன்பைவிட 35 முறை கூடுதலாக பேஸுக்குப் போனவருக்கு 26 ரன் குறைந்தது எப்படி? ஹோம் ரன் அடிக்காத வரையில் பேஸில் நிற்பவரை ஓட்டம் தொடங்கிய இடமான ஹோம் பிளேட்டுக்குக் கொண்டுவந்து ரன்னாக்குவது பின்னால் வருபவரின் வேலை. 2001 மரினர்ஸ் 116 ஆட்டங்கள் வென்று 1906 சிகாகோ கப்ஸின் சாதனையைச் சமன் செய்த அணி. 2004 மரினர்ஸ் 63 வென்று 99 தோற்ற அணி. இச்சிரோ செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு முதல் பேஸிலேயே நின்றுகொண்டிருந்தார். ஆர்பிஐ (ஒருவரின் அடியால் அணிக்கு வந்த ரன்கள்) கணக்கும் இப்படித்தான். ஒவ்வோர் ஆட்டத்தையும் காலி பேஸ்களோடு தொடங்கி, அதன் பிறகும் அணியின் பலவீனமான மட்டையாளர்களுக்குப் பின்னாலேயே இறங்கும் முதல் வீரருக்கு 60 ஆர்பிஐ கிடைத்தது அவருடைய குறையன்று. நடுவரிசையில் இறங்கிய கெரெரோவின் 126-ஐ அதனோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ரன், ஆர்பிஐ இரண்டையும் அந்த அணியின் கதையாகப் படியுங்கள். வீரரின் திறனுக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

வாக்கெடுப்பு இந்த வேறுபாட்டை 2001-ல் அவருக்குச் சாதகமாகவும் 2004-ல் பாதகமாகவும் மறந்தது. வென்ற அணியில் இருந்த 2001-ல் புதுமுக வீரர் விருதும் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தன. கடைசி இடம் பிடித்த 2004-ல் ஏழாவது இடம். ஏஞ்சல்ஸ் அணியோ அந்த ஆண்டு ஓக்லாந்தை ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் முந்திப் பிரிவை வென்றது. அந்த இறுதி நாட்களில் கெரெரோவின் மட்டை வெளுத்து வாங்கியது. வாக்களிப்பவர்களின் நினைவில் அதுவே நிற்கும்.

பேஸ் திருடுவதைப் பற்றி (அடி விழாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) ஒரு வரி போதும்: எத்தனை திருடினார் என்பதோடு எத்தனை முறை பிடிபட்டார் என்பதையும் சேர்த்தே பாருங்கள். 56 முறை வென்று 14 முறை பிடிபட்ட 2001-ஐவிட, 45 முறை வென்று 2 முறை மட்டுமே பிடிபட்ட 2006-ஐயே நான் உயர்வாக மதிப்பிடுவேன்.

உங்கள் மகனுக்கு நேரடியாகப் பயன்படும் பகுதி ஃபீல்டிங். 2001 ஏப்ரல் 11 அன்று ஓக்லாந்தில் எட்டாவது இன்னிங்ஸ். முதல் பேஸில் ஓக்லாந்தின் டெரன்ஸ் லாங். ரைட் ஃபீல்டுக்கு ஒரு சிங்கிள் போகிறது; லாங் இரண்டாவது பேஸைக் கடந்து மூன்றாவதை நோக்கி ஓடுகிறார், அது அவர் வழக்கமாக எளிதில் எட்டும் தூரம். முன்னோக்கி ஓடிவந்து பந்தை எடுத்த இச்சிரோ, உயரத் தூக்கி எறியாமல் தாழ்வாக, நேர்கோட்டில், தரையைத் தொடாமல் மூன்றாவது பேஸுக்கே எறிந்தார். அங்கே நின்ற மரினர்ஸின் டேவிட் பெல் கையுறையை நீட்டி வைத்திருந்தால் போதும் என்ற நிலை, லாங் அவுட். புள்ளிவிவரப் பக்கத்தில் இது ஓர் ‘அசிஸ்ட்’, அதாவது எறிந்து அவுட்டுக்கு உதவியது, அவ்வளவுதான். ஆனால் அன்றைய காட்சியைப் பார்த்த எதிரணிப் பயிற்சியாளர்கள் அடுத்த முறை தம் ஆளை இரண்டாவது பேஸிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்படி ஓடாமல் நின்றவர்களுக்கு அசிஸ்ட் பத்தியில் இடமே இல்லை. எனவே கை வலிமையுள்ள அவுட்ஃபீல்டரின் அசிஸ்ட் எண்ணிக்கை குறைவாக இருப்பது பல வேளைகளில் அவருடைய புகழுக்கே அடையாளம். அதுபோலப் பிழை எண்ணிக்கையும் ஏமாற்றும்: எட்டாத பந்தைத் தவறவிட முடியாது, மெதுவாக ஓடுபவருக்குப் பிழையும் குறைவாகவே வரும். 2015 முதல் எல்லா மைதானங்களிலும் இயங்கும் ஸ்டாட்காஸ்ட் கருவிகள், பந்து எவ்வளவு நேரம் காற்றில் இருந்தது, வீரர் எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருந்தது என்பதை அளந்து ஒவ்வொரு கேட்சின் கடினத்தையும் சொல்கின்றன; இன்றைய வீரர்களுக்கு அந்தப் பகுதியைப் பாருங்கள்.

இவை அனைத்தையும் ஒரே எண்ணாக்க முயல்வது ‘வார்’. உடனடியாகக் கிடைக்கக்கூடிய ஒரு சாதாரண மாற்று வீரர் அதே இடத்தில் ஆடியிருந்தால் வந்திருக்கக்கூடிய வெற்றிகளைவிட இவரால் எத்தனை கூடுதலாக வந்தன என்பதே அதன் பொருள். ஏறத்தாழப் பத்து ரன் ஒரு வெற்றிக்குச் சமம். மட்டை, ஓட்டம், ஃபீல்டிங், வாய்ப்புகளின் எண்ணிக்கை எல்லாம் சேரும் இந்தக் கணக்கில் 2004 இச்சிரோ கெரெரோவுக்கு மேலே நிற்கிறார். மட்டையில் இழந்ததைக் கைகளாலும் கால்களாலும், கூடுதலாகப் பிடித்த 82 மட்டைவாய்ப்புகளாலும் ஈடுசெய்திருக்கிறார். ஆயினும் ஃபீல்டிங் மதிப்பீடு தளத்துக்குத் தளம் மாறுவதால், இருவருக்கிடையே ஒரு வெற்றிக்கும் குறைவான வித்தியாசம் இருந்தால் சமம் என்றே கொள்ளுங்கள். ஏழாவது இடம் அவருக்கு நியாயமானதன்று. முதல் மூன்றுக்குள் வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு சீசனைப் படித்தபின் அதன் முன்னும் பின்னும் உள்ள சீசன்களைப் படியுங்கள். 2003-லும் 2005-லும் இச்சிரோவுக்குச் சரியாக 679 முயற்சிகளே. ஹிட்டுகள் முறையே 212, 206. நடுவில் மட்டும் 262. ஸ்டிரைக் அவுட்டையும் (பந்தைக் களத்துக்குள் அடிக்காமல் மூன்று ஸ்டிரைக்கில் அவுட் ஆவது) ஹோம் ரன்னையும் விலக்கிவிட்டு, களத்துக்குள் அடித்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆயின என்று பார்த்தால் 2004-ல் 0.399. பொதுவாக வீரர்களுக்கு இது 0.300-ஐ ஒட்டியே இருக்கும். இடக்கை மட்டையாளராக முதல் பேஸுக்கு ஓரடி அருகில் நின்று, பந்து மட்டையில் படும்போதே ஓட்டத்தைத் தொடங்கிவிடும் இச்சிரோ, சாதாரணத் தரைப்பந்தையும் ஹிட்டாக மாற்றக்கூடியவர். அதனால்தான் அவருடைய வாழ்நாள் எண் 0.338. அந்த 0.338-க்கும் 0.399-க்கும் இடைப்பட்டதில் ஒரு பங்கு திறனின் உச்சம், ஒரு பங்கு நல்வாய்ப்பு. அடுத்த ஆண்டு அது நீடிக்கும் என்று யாரும் நம்பியிருக்கக் கூடாது.

முழு வாழ்க்கையைப் படிக்கும்போதும் ஒற்றைச் சராசரியோடு நின்றுவிடாதீர்கள். இச்சிரோவின் வாழ்நாள் எண்கள் 3,089 ஹிட், 0.311. ஆனால் தொடர்ச்சியாகப் பத்து ஆண்டுகள் 200 ஹிட் தாண்டிய 2001 முதல் 2010 வரையிலான காலத்தைத் தனியே எடுத்தால் 2,244 ஹிட், 0.331. எஞ்சிய ஒன்பது சீசன்களில் 845 ஹிட், 0.268. இருவேறு வீரர்களின் எண்கள்போலத் தோன்றும் இவை, முப்பத்தேழாவது வயதில் கால்களின் வேகம் தளர்வதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒரே மனிதருடையவை. 27 வயதில்தான் அவர் அமெரிக்கா வந்தார் என்பதையும் மறக்க வேண்டாம். அதற்குமுன் ஜப்பானில் ஓரிக்ஸ் அணிக்காக 1,278 ஹிட் அடித்து, தொடர்ந்து ஏழு முறை பேட்டிங் முதலிடம் பெற்றிருந்தார். அதையும் கூட்டி 4,367 என்று சொல்லி பீட் ரோஸின் 4,256-ஐ மிஞ்சியதாகக் கொண்டாடுவோர் உண்டு. நான் இரண்டு லீக்குகளையும் கூட்டமாட்டேன். ஆனால் அந்த ஒன்பது ஜப்பானிய சீசன்களைப் பாராமல் அவரை மதிப்பிடவும் மாட்டேன். 2025 ஜனவரியில் பேஸ்பாலின் புகழரங்கமான ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பில் 394 பேரில் 393 பேர் அவருக்கு வாக்களித்தனர்.

இறுதியாக, 0.240 வைத்திருக்கும் உங்கள் மகனின் வீரர். வரலாற்றுச் சாதனை படைத்த அதே 2004-இல் ஏப்ரல் மாதம் முடிந்தபோது இச்சிரோவின் சராசரி 0.255. பிறகு மே மாதம் 50, ஜூலையில் 51, ஆகஸ்டில் 56 என ஹிட்டுகள் குவிந்தன. ஒரு மாதத்தில் ஒருவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ நூறு முயற்சிகள். அதில் நான்கைந்து பந்துகள் ஃபீல்டரின் கையைத் தாண்டியிருந்தால் 0.240 என்பது 0.285 ஆகிவிடும். ஆகையால் இப்போது சராசரியை விட்டுவிட்டு, விரைவில் நிலைபெறும் மூன்றைப் பாருங்கள்: ஸ்டிரைக் அவுட் விகிதம் கடந்த ஆண்டைவிட ஏறியிருக்கிறதா, வாக் விகிதம் குறைந்திருக்கிறதா, மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகம் தளர்ந்திருக்கிறதா. மூன்றும் பழையபடியே இருந்தால் பொறுத்திருங்கள். வேகம் குறைந்து ஸ்டிரைக் அவுட்டும் ஏறியிருந்தால், அவர் மறைத்து ஆடும் காயம் ஏதேனும் இருக்கலாம். அணியின் காயப் பட்டியலையும், வழக்கமாக ஆடும் அவுட்ஃபீல்டில் நிற்காமல் மட்டை பிடிக்க மட்டும் அவரை இறக்குகிறார்களா என்பதையும் கவனித்து வாருங்கள்.