வைரஸை நீக்கிய பின் ‘கோப்பைக் காணவில்லை’ என்று கணினி சொன்னால்…

கேள்வி: வீட்டில் இருந்தபடி சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். என் விண்டோஸ் 10 கணினியில் புகுந்த வைரஸை ஆன்ட்டிவைரஸ் மென்பொருள் நீக்கிவிட்டது. ஆனால் கணினியைத் தொடங்கும்போதெல்லாம் ‘ரன்டிஎல்எல்’ என்ற தலைப்பில் ஒரு பெட்டி தோன்றி, ஆப்டேட்டா ஃபோல்டரில் உள்ள ஒரு டிஎல்எல் கோப்பைக் காணவில்லை என்கிறது. செட்டிங்ஸில் சில பக்கங்களும் திறப்பதில்லை. இணையத்தில் டிஎல்எல் கோப்புகளை இலவசமாகத் தரும் தளங்களிலிருந்து அந்தக் கோப்பை இறக்கிக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன.

முதலில் அந்தப் பெட்டியைப் பார்ப்போம். டிஎல்எல் என்பது மென்பொருள்கள் தேவைப்படும்போது அழைத்துப் பயன்படுத்தும் துணைக் கோப்பு. விண்டோஸ் தன் சொந்த டிஎல்எல் கோப்புகளைப் பெரும்பாலும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம்32-இல் வைத்திருக்கிறது. ஆப்டேட்டா என்பது, பயனர் நிறுவும் மென்பொருள்கள் தங்கள் தரவுகளைச் சேமித்துக்கொள்ளும் இடம். ஆகவே அங்கே காணாமல் போனதாகச் சொல்லப்படும் கோப்பு, பெரும்பாலும் வைரஸின் கோப்பாகத்தான் இருக்கும். ஆன்ட்டிவைரஸ் கோப்பை நீக்கிவிட்டது. கணினி தொடங்கும்போது அதை இயக்கும்படி வைரஸ் எழுதி வைத்த கட்டளை மட்டும் ரெஜிஸ்ட்ரியிலோ (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்) டாஸ்க் ஷெட்யூலரிலோ (வேலைகளைத் தானாகத் தொடங்கிவைக்கும் கருவி) எஞ்சியிருக்கிறது. நீங்கள் நீக்க வேண்டியது அந்தக் கட்டளையைத்தான்.

இதற்கு மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் ஆட்டோரன்ஸ் என்ற கருவியை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கி, மேலே உள்ள தேடல் கட்டத்தில் அந்தக் கோப்பின் பெயரைத் தட்டுங்கள். தென்படும் வரியின் டிக் குறியை மட்டும் எடுத்துவிட்டு, கணினியை மறுபடி தொடங்கி, செய்தி வரவில்லை என்று உறுதியான பிறகு வரியை அழியுங்கள். பெட்டியின் தலைப்பைப் பார்த்துவிட்டு ரன்டிஎல்எல்32 என்ற கோப்பை நீக்கிவிடாதீர்கள். அது விண்டோஸுக்கே உரியது, வைரஸ் அதைக் கருவியாகப் பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவே.

செட்டிங்ஸ் பக்கங்கள் திறக்காதது வேறு சங்கதி. அதற்கு உண்மையான சிஸ்டம் கோப்புகள் சிதைந்தது காரணமாக இருக்கலாம். முதலில் விண்டோஸுடனேயே வரும் ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் (விண்டோஸ் முழுதாகத் தொடங்கும் முன்பே செய்யும் சோதனை) ஒன்றை ஓட்டி, வைரஸ் முழுமையாகப் போய்விட்டதா என்று பாருங்கள். அது எங்கோ ஒளிந்திருந்தால், சீராக்கும் கோப்புகளையும் மறுபடி கெடுக்கும். பிறகு கட்டளைகளைத் தட்டும் சாளரமான கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, இணைய இணைப்புடன், முதலில் டிஸ்ம் கருவியை ஆன்லைன், கிளீனப்-இமேஜ், ரெஸ்டோர்ஹெல்த் என்ற மூன்று சொற்களோடும், அது முடிந்ததும் எஸ்எஃப்சி கருவியை ஸ்கேன்நவ் என்ற சொல்லோடும் இயக்குங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஓர் இடைவெளியும் சாய்கோடும் வேண்டும் (முதலில் DISM /Online /Cleanup-Image /RestoreHealth, பிறகு sfc /scannow). விண்டோஸ் தன் கோப்புகளின் பிரதிகளை ஒரு சேமிப்பில் வைத்திருக்கிறது. டிஸ்ம் அந்தச் சேமிப்பைச் சரிசெய்யும், எஸ்எஃப்சி அதிலிருந்து நல்ல பிரதியை எடுத்துக் கெட்டதன் இடத்தில் வைக்கும். வரிசையை இப்படி வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு அதுவே காரணம். டிஎல்எல் தளங்கள் தரும் கோப்பு எந்தப் பதிப்புக்குரியது, யாரால் மாற்றப்பட்டது என்று உங்களால் அறிய முடியாது. வைரஸுக்கு மறுபடி கதவைத் திறந்துவிடுவதாகவும் அது முடியலாம்.

இவற்றாலும் தீரவில்லையென்றால், மைக்ரோசாஃப்டிலிருந்து இறக்கிய விண்டோஸ் நிறுவல் கோப்பை, இயங்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே ஓட்டி, கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள்ளும் தெரிவைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு முன் கணக்குக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். ஆனால் வந்தது சாலிட்டி, விருட் போல மென்பொருள்களை ஓடவைக்கும் கோப்புகளுக்குள்ளேயே தன்னை எழுதிக்கொள்ளும் வகை என்றால், ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு டிஸ்க்கை அழித்துப் புதிதாக நிறுவுவதே சரி. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பிறர் கணக்குகளைக் கையாளும் நீங்கள், கணினி இடம்கொடுத்தால் விண்டோஸ் 11-க்கு மாறிவிடுவது நல்லது.

கேள்வி: ஆன்ட்டிவைரஸே நல்ல சிஸ்டம் கோப்பைத் தவறாக நீக்கிவிடுமா?
— ஒரு வாசகர்

பதில்: நீக்கியதுண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி என்ற ஆன்ட்டிவைரஸ் நிறுவனம் வெளியிட்ட ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 கணினிகளில் எஸ்விசிஹோஸ்ட் என்ற இன்றியமையாத கோப்பை வைரஸ் என்று எண்ணி அகற்றியது. பல நாடுகளில் கணினிகள் திரும்பத் திரும்பத் தாமே ரீஸ்டார்ட் ஆகின; நெட்வொர்க் இணைப்பையும் இழந்தன. ஆகவே ஆன்ட்டிவைரஸின் குவாரன்டைன் பட்டியலை (சந்தேகத்தில் ஒதுக்கிவைத்த கோப்புகளின் பட்டியல்) உடனே காலி செய்யாதீர்கள். சிஸ்டம்32-இலிருந்து எடுக்கப்பட்ட கோப்பு அதில் இருந்தால், மென்பொருளை அப்டேட் செய்து அதே கோப்பை மறுபடி சோதியுங்கள். அப்போதும் வைரஸ் என்றே சொன்னால் அதைத் திரும்பக் கொண்டுவராமல், மேலே சொன்ன டிஸ்ம், எஸ்எஃப்சி வழியில் நல்ல பிரதியைப் பெறுங்கள்.