அமெரிக்காவில் கிடைத்த பழைய பீங்கான் தட்டுகளுக்கும் ஜாடிக்கும் மதிப்பு உண்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர் ஓஹையோவில் இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி வீட்டைக் காலி செய்தபோது ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று பளிச்சென்ற தட்டுகள், விளிம்பில் வெள்ளை வழிந்தது போன்ற பழுப்புக் கிண்ணங்கள், சாம்பல் நிறத்தில் நீலக் கோலம் போட்ட ஒரு கனமான ஜாடி. விற்றால் ஏதாவது தேறுமா, இல்லை சமையலறையில் புழங்கலாமா என்பது கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழுப்புக் கிண்ணங்களில் பெரிதாக ஒன்றும் தேறாது. வண்ணத் தட்டுகளில் பச்சையை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். ஜாடியின் விலை அதில் வரைந்திருக்கும் நீலப் படத்தைப் பொறுத்தது. ஆரஞ்சுத் தட்டில் தயவுசெய்து ரசம் சாதம் சாப்பிடாதீர்கள்.

இனி காரணங்களுக்கு வருவோம். நான் கொலம்பஸ் பக்கம் குடியிருக்கிறேன். சனிக்கிழமை ஆனால் எஸ்டேட் சேல் (வீட்டைக் காலி செய்யும்போது நடக்கும் விற்பனை), ஃப்ளீ மார்க்கெட் (பழைய பொருள் சந்தை) என்று சுற்றுகிற ஆள். இங்கிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் ஸேன்ஸ்வில், ரோஸ்வில், க்ரூக்ஸ்வில் என்று வரிசையாகப் பீங்கான் ஊர்கள். இன்னும் மேலே போனால் ஓஹையோ ஆற்றங்கரையில் ஈஸ்ட் லிவர்பூல். நல்ல களிமண், சூளைக்கு எரிபொருள், சரக்கை ஏற்றிவிட ஆறு எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்ததால், அமெரிக்க வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு வந்த தட்டுகளில் பெரும்பங்கு இந்தப் பகுதியில்தான் வெந்து வெளியே வந்தது. பாட்டி ஓஹையோக்காரர் என்றால் பெட்டியில் இருப்பதும் பெரும்பாலும் உள்ளூர்ச் சரக்காகத்தான் இருக்கும்.

வண்ணத் தட்டுகளிலிருந்து ஆரம்பிக்கலாம். விளிம்பில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்ட வரிகள் இருந்தால் அது ஃபியெஸ்டா என்ற வண்ணத் தட்டு வரிசையாக இருக்க நிறைய வாய்ப்பு. ஹோமர் லாஃப்லின் நிறுவனம், மேற்கு வர்ஜினியாவில் நியூவெல் என்ற ஊர், 1936. வடிவமைத்தவர் ஃபிரெடெரிக் ஹர்ட்டன் ரீட். பூப்போட்ட ஒரே மாதிரி செட்டுகள் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், வெறும் வண்ணத்தை மட்டும் நம்பி, நிறம் மாற்றி மாற்றிக் கலந்து அடுக்கிக்கொள்ளுங்கள் என்று விற்றார்கள். 1973 வரை ஓடியது, நின்றது, 1986இல் திரும்ப வந்தது, இன்றும் கடையில் கிடைக்கிறது. சிக்கலே இங்கேதான். பழையதும் புதியதும் ஒரே வடிவம், கிட்டத்தட்ட ஒரே பெயர், சில நிறங்கள்கூட ஒன்று போலவே இருக்கும்.

பிரித்துப் பார்க்கத் தட்டைக் கவிழ்த்து, ஜன்னல் ஓரமாக வைத்துக்கொண்டு, தரையில் படியும் அந்த அடி வளையத்தை விரலால் தடவுங்கள். பழைய தட்டில் அடி வளையத்தின் மேலும் கிளேஸ், அதாவது கண்ணாடி போன்ற மேல்பூச்சு, இருக்கும், வழவழவென்று போகும். முழுக்க கிளேஸ் பூசிய தட்டைச் சூளைக்குள் அப்படியே வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மூன்று சிறு முனைகளின் மேல் தூக்கி வைத்துச் சுட்டார்கள். அந்த மூன்று முனைகளும் தொட்ட இடம் தட்டின் அடியில் மூன்று சின்னப் புள்ளிகளாக நிற்கும். மரு மாதிரி கையில் உறுத்தும். முதல் தடவை பார்க்கிறவர்கள் இதை உடைசல் என்று நினைத்து ஒதுக்கி வைத்துவிடுவார்கள். 1986க்குப் பிந்தைய தட்டில் அடி வளையத்தில் கிளேஸைத் துடைத்து எடுத்திருப்பார்கள். வெள்ளை மண் சொரசொரவென்று தெரியும், மூன்று புள்ளி இருக்காது, தட்டும் கொஞ்சம் கனம். ஜக், குவளை வகைகளில் இந்த விதிக்கு விலக்குகள் உண்டு, ஆனால் தட்டுக்கு இதை நம்பலாம். ஈயம் கலக்காதது என்று அடியில் உள்ள முத்திரையில் எழுதியிருந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், புதியதுதான்.

அடுத்தது நிறம். விலை நிற்பதே இதில்தான். முதலில் வந்தவை ஆரஞ்சுச் சிவப்பு, கருநீலம், இளம்பச்சை, மஞ்சள், தந்த நிறம். சீக்கிரமே டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சை சேர்ந்தது. 1951இல் சில நிறங்களை எடுத்துவிட்டு ரோஜா, சாம்பல், அடர்பச்சை, மஞ்சள் கலந்த கிளிப்பச்சை ஆகியவற்றைக் கொண்டுவந்தார்கள். 1959இல் மீடியம் க்ரீன் என்று ஒன்று வந்தது. அந்தக் காலத்தில் ஃபியெஸ்டா வாங்குகிற கூட்டமே குறைந்து போயிருந்தது. அதனால் மீடியம் க்ரீன் குறைவாகவே விற்றது, குறைவாகவே மிஞ்சியது, இன்றைக்குச் சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்கிற நிறம் அதுதான். 1930களின் மஞ்சள் தட்டு ஒன்று பத்துப் பதினைந்து டாலருக்குச் சும்மா கிடைக்கும். அதைவிட இருபது வருஷம் இளையதான மீடியம் க்ரீன் அதைப் போலப் பல மடங்கு. பழசு ஆக ஆக விலை கூடும் என்கிற நம்பிக்கை இந்தச் சந்தையில் செல்லாது. மக்கள் வாங்கத் தயங்கியது எதுவோ அதுதான் இப்போது விலை பேசுகிறது.

இன்னொரு உதாரணம் மூடி போட்ட வெங்காய சூப் கிண்ணம். அதைத் தயாரிப்பதை நிறுத்துகிற நேரத்தில்தான் டர்க்காய்ஸ் நிறம் உள்ளே வந்தது. அதனால் அந்த நிறத்தில் சூப் கிண்ணம் வெகு சிலவே சூளையிலிருந்து வந்தன. இன்று ஒன்று கிடைத்தால் ஆயிரக்கணக்கில் போகிறது. மற்ற நிறங்களில் அதே கிண்ணம் அந்த விலையின் பக்கத்தில்கூட வராது. ஆகவே உங்கள் பச்சைத் தட்டு எந்தப் பச்சை என்று பாருங்கள். கொஞ்சம் வெளிறிய இளம்பச்சை என்றால் சாதாரணம். புல்பச்சை மாதிரி துடிப்பாக இருந்தால் மீடியம் க்ரீனாக இருக்கலாம், மூன்று புள்ளியைத் தேடுங்கள். 2000களில் ஷாம்ராக் என்ற பெயரில் வந்த புதிய பச்சை அதற்கு ரொம்ப நெருக்கமானது. இணையத்தில் அதையே பழசு என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆரஞ்சுக்கு வருவோம். நிறுவனம் அதைச் சிவப்பு என்றுதான் சொன்னது. அந்த நிறத்தைக் கொடுத்தது யுரேனியம் ஆக்சைடு. கதையில்லை, உண்மையாகவே யுரேனியம். 1943இல் அணுகுண்டுத் திட்டத்துக்காக அரசாங்கம் யுரேனியத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ள, சிவப்பு ஃபியெஸ்டா நின்றது. 1959இல் மறுபடி வந்தபோது செறிவு நீக்கிய யுரேனியத்தைக் கொண்டு செய்தார்கள், 1972 வரை. கதிர்வீச்சைக் காட்டும் கெய்கர் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால் இன்றும் டிக் டிக்கென்று அடிக்கும். அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதால் பயமில்லை. ஆனால் புளிப்பு பட்டால் கிளேஸில் உள்ளது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும். இதில் சாப்பிட வேண்டாம் என்றுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சொல்கிறது. நம் வீட்டில் புளி, தக்காளி, எலுமிச்சை, தயிர் இல்லாத சாப்பாடு எது? மற்ற நிறங்களிலும் அந்தக் காலத்து கிளேஸ் என்றாலே ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் பழையவை சுவரில் மாட்ட மட்டும்தான்.

முத்திரையே இல்லாத தட்டு இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இதே ஹோமர் லாஃப்லின் 1938இல் ஊல்வொர்த் கடைகளுக்காக ஹார்லெக்வின் என்று மலிவு வரிசை ஒன்றைச் செய்தது, அதில் முத்திரை குத்தவில்லை. கோப்பையின் பிடி முக்கோணம் போலக் கூராக இருக்கும். நேர்மாறாக, முத்திரை இருந்தும் ஏமாற்றுகிறவை உண்டு. அடியில் ரோஸ்வில் என்று எழுதியிருந்தால் எல்லாம் ரோஸ்வில் பாட்டரி என்ற புகழ்பெற்ற பீங்கான் நிறுவனத்தின் சரக்கு ஆகிவிடாது. அந்த நிறுவனம் ரோஸ்வில்லில் தொடங்கினாலும் பிறகு ஸேன்ஸ்வில்லுக்கே போய்விட்டது, 1954இல் மூடிவிட்டது. ரோஸ்வில் ஊரிலேயே இருந்த ராபின்சன் ரான்ஸ்பாட்டம் என்ற வேறு நிறுவனம் தன் முத்திரையில் ஊர்ப் பெயரைப் போட்டது. ஆர்.ஆர்.பி. என்ற எழுத்துகள் அதோடு இருந்தால் இவர்கள் சரக்கு, விலையும் அதற்குத் தக்க மாதிரி. இதைத் தெரிந்தே மறைத்து விற்கும் கடைகளைப் பார்த்திருக்கிறேன்.

பழுப்புக் கிண்ணங்கள்: ஹல், மெக்காய், ஃபால்ட்ஸ்கிராஃப் என்ற மூன்று நிறுவனங்களுமே இந்த வழியும் விளிம்பு வகையைச் செய்தன. 1960, 70களில் அமெரிக்காவில் இது இல்லாத வீடு குறைவு. எல்லாரிடமும் இருந்தது என்பதால் விலை இல்லை. ஒன்றுக்கு ஐந்து டாலர் கிடைத்தால் பெரிது.

ஜாடிதான் எனக்கு ஆவலாக இருக்கிறது. நம் ஊர் ஊறுகாய் ஜாடியைப் போலவே இதுவும் ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் சுட்ட கெட்டியான மண்பாண்டம். அமெரிக்காவிலும் இதில் உப்புக் கண்டம், ஊறுகாய், வெண்ணெய் போட்டுத்தான் வைத்தார்கள். மேற்பரப்பை உற்றுப் பாருங்கள். ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி நுண்ணிய குழிகள் இருந்தால் அது உப்பு கிளேஸ், பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது உப்பை அள்ளி உள்ளே எறிவார்கள். அது ஆவியாகி மண்ணில் உள்ள சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடியாகப் படியும். அந்தச் சூட்டையும் தாங்கி நிற்கிற நிறம் கோபால்ட் நீலம், அதனால்தான் ஜாடிப் படங்கள் பெரும்பாலும் நீலம். உட்புறம் சாக்லேட் பழுப்பாக இருந்தால் அது நியூயார்க்கின் ஆல்பனி பகுதிக் களிமண்ணைக் கரைத்துப் பூசியது. தோளில் 2, 4 என்று எண் இருந்தால் அது காலன் கணக்கில் ஜாடியின் கொள்ளளவு, ஆண்டோ வரிசை எண்ணோ இல்லை. பளிங்கு வெள்ளையாக, அச்சில் பதித்த முத்திரையோடு இருந்தால் 1900ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது. சிவப்புச் சிறகு இருந்தால் மினசோட்டாவின் ரெட் விங், மேப்பிள் இலை இருந்தால் இல்லினாயின் வெஸ்டர்ன் ஸ்டோன்வேர். ரெட் விங்கில் நடுத்தர அளவுகள் ஏராளம். மிகப் பெரியதுக்கும் மிகச் சிறியதுக்கும்தான் கிராக்கி.

உப்பு கிளேஸ் ஜாடியில் விலையை ஏற்றுவது படம். வெறும் எண்ணோ ஒரு சுழியோ இருந்தால் சாதாரணம். பூ கொஞ்சம் மேல். பறவை அதற்கும் மேல். மான், வீடு, கப்பல், மனித உருவம், ஆண்டு எழுதியது என்றால் ஏலக் கடைக்காரரைக் கூப்பிடலாம். வெர்மான்ட்டின் பென்னிங்டனில் நார்ட்டன் குடும்பத்தார் செய்த மான் ஜாடிகள் அந்த ரகம். இதனால்தான் படமில்லாத பழைய ஜாடியில் பின்னாளில் நீலத்தால் வரைந்து விற்கிற வேலையும் நடக்கிறது. அசல் படம் கிளேஸுக்கு அடியில் இருக்கும், நகத்தால் தடவினால் தனிப் படலமாகத் தட்டுப்படாது. புற ஊதா விளக்கு ஒன்று சில டாலருக்குக் கிடைக்கும். ஒட்டுவேலை, மேல்பூச்சு இருந்தால் இருட்டில் அதன் கீழ் பெரும்பாலும் வேறு நிறமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

உச்ச விலை எவ்வளவு போகும் என்று கேட்பீர்கள். தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்டில் அடிமையாக இருந்த டேவிட் டிரேக் என்ற குயவர் 1858இல் வனைந்த 25 காலன் ஜாடி, 2021இல் 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே சட்டப்படி குற்றமாக இருந்த மாநிலத்தில், அவர் ஈர மண்ணில் தன் பெயரையும் தேதியையும், சிலவற்றில் சொந்தக் கவிதை வரிகளையும் கீறி வைத்தார். உங்கள் ஜாடி அதுவாக இருக்காது, அவருடையதில் நீலப் படம் கிடையாது. ஆனாலும் எந்த ஜாடியிலும் கீறல் எழுத்து கண்ணில் பட்டால் சோப்புப் போட்டுத் தேய்ப்பதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள்.

நிலைமையைப் பார்ப்பது சுலபம். விரல் கணுவால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் எங்கேயோ மயிரிழை விரிசல் ஓடுகிறது. விளிம்பு மூளியான தட்டு பாதி விலைக்குக்கூட ஏறாது. ஸ்டோன்வேர் ஜாடியில் சின்ன மூளியைச் சேகரிப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், மேசைத் தட்டில் பொறுக்க மாட்டார்கள்.

விலை பார்க்க ஈபே என்ற இணையச் சந்தையில் தேடும்போது, விற்றுப்போனவற்றை மட்டும் காட்டு என்கிற வடிகட்டியை அழுத்திவிட்டுப் பாருங்கள். விற்கிறவர் கேட்கிற விலை அவருடைய ஆசை. ரீப்ளேஸ்மெண்ட்ஸ் என்ற வட கரோலினா நிறுவனத்தின் தளம் வடிவத்தின் பெயரைக் கண்டுபிடிக்க அருமையானது. ஆனால் அங்கே போட்டிருப்பது உடைந்துபோன ஒரு தட்டுக்கு ஜோடி தேடி வருகிறவருக்கான கடை விலை, உங்கள் கைக்கு அதில் ஒரு பகுதிதான் வரும். யார் வைத்திருந்தார் என்பதும் விலையைப் புரட்டிப் போடும். ஓவியர் ஆண்டி வார்ஹோல் சந்தைகளில் பொறுக்கிய குக்கி ஜாடிகள் (பிஸ்கட் போட்டு வைப்பவை), அவர் இறந்த பிறகு 1988இல் ஏலத்தில் மொத்தமாகச் சுமார் இரண்டரை லட்சம் டாலருக்குப் போயின. அதே ஜாடிகள் வேறு வீட்டில் இருந்திருந்தால் ஒன்றுக்குப் பத்து, இருபது டாலர். பாட்டி பிரபலம் இல்லை என்று வைத்துக்கொண்டே மேலே போவோம்.

ஜாடியை விற்பதானால் தபாலில் அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். ஐந்து காலன் ஜாடியைப் பொதிந்து அனுப்பும் செலவே அதன் விலையைத் தின்றுவிடும், போகும் வழியில் விரிசல் விட்டால் அந்தச் சண்டை வேறு. உள்ளூரில் நேரில் வந்து தூக்கிக்கொண்டு போகிறவருக்குக் கொடுங்கள். அதற்கு முன் பச்சைத் தட்டின் அடிப்பக்கத்தையும் ஜாடியின் நாலு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள், என்ன என்று பார்த்துச் சொல்கிறேன்.