செவலைக் கன்று

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கமுங்க. மூன்று வருடமாக உங்கள் தளத்தைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 27 வயது. திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் ஆர்ட்வொர்க் செக்‌ஷனில் வேலை. பையர் அனுப்புகிற டிசைனைக் கலர் கலராகப் பிரித்து ஃபிலிம் எடுத்துக் கொடுக்க வேண்டும். போன மாதம் ஒன்பது கலரில் வந்த ஒரு பூ டிசைனை ஆறு ஸ்கிரீனில் முடித்துக் கொடுத்தேன், ஸ்ட்ரைக் ஆஃப், அதாவது துணியில் அடித்துக் காட்டுகிற சாம்பிள், அப்ரூவல் ஆகிவிட்டது. மற்றபடி எல்லாம் அடுத்தவர் படம்தான்.

ராத்திரி வீட்டுக்கு வந்து நோட்டில் வரைவேன். நம் ஊர்ப் படங்களை டீ-ஷர்ட்டில் போட்டு சொந்தமாக விற்க வேண்டும் என்று ஆசை. காங்கேயம் காளை, பனைமரம், கும்மி ஆடுகிற பெண்கள் எல்லாம் வரைந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கிறது. ஒரு தடவை எங்கள் அப்பாரு (தாத்தா) கட்டுத்தரையில் சின்ன வயதில் பார்த்த கன்றுக்குட்டியை நினைத்து செவலையாக வரைந்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, "காங்கேயம்னா மயிலையா இருக்கோணும், இது என்னமோ நாய்க்குட்டியாட்ட இருக்குது" என்று சிரித்தான். மேலே சாம்பல் கலர் அடித்துவிட்டேன்.

எட்டு மாதமாக வள்ளி கும்மியும் பழகுகிறேன். ஒரு நாள் தினைப்புனத்தில் கிளி விரட்டுகிற இடத்தில் வரி மறந்துபோய், "மயிலு வந்து மேயுது" என்று நானாக ஒன்றைப் போட்டுவிட்டேன். பக்கத்தில் ஆடியவர்கள் சிரித்துவிட்டார்கள். வாத்தியார் "பாட்டை மாத்தற வேலை வேண்டாம்" என்று கோபித்துக்கொண்டார்.

இப்போது கம்பெனியில் ஏஐ கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டு வரி டைப் அடித்தால் நாலு டிசைன் வந்து விழுகிறது. நான் மூன்று நாள் உட்கார்ந்து வரைவதைவிட நன்றாக இருக்கிறது. எனக்குக் கற்பனை என்று ஒன்று இருக்கிறதா, இல்லை நான் காப்பி எடுக்கிற ஆள் மட்டும்தானா? எனக்கென்று ஒரு பாணி எப்படி வரும்? பெயர் போட வேண்டாம் ஐயா.

*

அன்புள்ள அம்மிணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கடைசியில் இருக்கிற இரண்டு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். மூன்றாம் தடவை படிக்கும்போதுதான், பதிலை மேலேயே நீங்கள் எழுதி வைத்திருப்பதும், எழுதிய கையோடு அதைத் தாண்டிப் போய்விட்டதும் கண்ணில் பட்டது.

முதலில் அந்தப் பூ. ஒன்பது கலரை ஆறு ஸ்கிரீனில் முடித்தேன், மற்றபடி எல்லாம் அடுத்தவர் படம்தான் என்கிறீர்கள். இந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். என் மச்சான் பல வருடம் டேபிள் பிரிண்டிங் போட்டிருந்தார், அங்கே உட்கார்ந்து பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்கிரீன். மருந்து தடவிய வலை மேல் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகிக்கொள்ளும், ஃபிலிமின் கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கரைந்துவிடும், அந்தத் திறப்பு வழியாகத்தான் கலர் துணியில் இறங்கும். ஒன்பது கலர் என்றால் ஒன்பது வலை, ஒன்பது தடவை இழுப்பு, ஒன்பதும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். அதை ஆறாக்க வேண்டுமானால் ஆரஞ்சுக்குத் தனி ஸ்கிரீன் போடாமல் மஞ்சள் மேல் சிவப்பைப் பொடிப்பொடிப் புள்ளியாக இறக்க வேண்டும், கண் அதை ஆரஞ்சு என்று எடுத்துக்கொள்ளும். இதழின் அடியில் புள்ளி நெருங்கணும், நுனிக்குப் போகப்போக விலகணும். பனியன் துணி இழுபடுகிற துணி, அதனால் இரண்டு கலர் சேருகிற ஓரத்தில் ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை ஏறியிருக்கணும், இல்லாவிட்டால் நடுவில் துணி பல்லிளிக்கும். எங்கே நெருக்குவது, எங்கே விடுவது, எவ்வளவு ஏற்றுவது என்று பையர் எழுதி அனுப்புவதில்லை. நீங்கள்தான் பார்த்து முடிவு செய்தீர்கள். அந்தப் பூவை வரைந்தவரைவிட அதை அதிக நேரம், அதிக நெருக்கத்தில் பார்த்தவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. எந்தெந்த நாட்டிலோ பிள்ளைகள் தங்கள் மனதில் இருப்பதை நெஞ்சில் எழுதிப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள், அந்த எழுத்தைத் துணியில் இறக்கியவர் இங்கே ஒரு சந்துக்குள் ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்கிறார். அவரைக் காப்பி எடுக்கிற ஆள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீங்களும் சொல்லாதீர்கள்.

அடுத்தது மயில். இந்த வரியைப் படித்ததும் எழுந்து போய் வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். வள்ளி பரண் மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி விரட்டுகிறாள், பழைய பாட்டில் அப்படித்தான். இன்றைக்கு நம் பக்கம் காடு வைத்திருக்கிற யாரையும் கேளுங்கள், கிளியை யாரும் பேசமாட்டார்கள், மயிலைத்தான் சொல்லிப் புலம்புவார்கள். விதை போட்டால் கிளறுகிறது, தக்காளி பழுத்தால் கொத்துகிறது, விரட்டினால் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்து நாம் வீட்டுக்குப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியும், அதனால்தான் வரி மறந்த இடத்தில் அது வந்து நின்றது. அதோடு போகவில்லை. அந்த மயில் யாருடைய மயில்? வள்ளியைத் தேடி வேடனாகவும் கிழவனாகவும் வரப்போகிறவனுடையது. அவன் வருவதற்கு முன்னால் அவன் வாகனம் வந்து அவள் புனத்தில் மேய்கிறது! நீங்கள் யோசித்துப் போடவில்லை என்று தெரியும். யோசித்திருந்தால் வந்திருக்காது.

வாத்தியார் கோபித்துக்கொண்டதில் தப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நூறு பேர் சேர்ந்து ஆடும்போது ஒருவருக்கு வரி தவறினால் பக்கத்தில் கை தவறும், கை தவறினால் கால் தவறும். எட்டு மாதம் பழகியவர் சொல்லிக்கொடுத்ததைப் பாட வேண்டும். ஆனால் பாட்டை மாற்றவே கூடாது என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காரமடைப் பக்கத்து பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல், அவருடைய 87-வது வயதில், பத்மஸ்ரீ அறிவித்தார்கள் இல்லையா, அவர் செய்த பெரிய காரியங்களில் ஒன்று, ஆண்கள் மட்டுமே ஆடிக்கொண்டிருந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தது. ஒரு பெண்ணின் கதையை ஆண்களே ஆடிக்கொண்டிருந்த வட்டத்துக்குள் பெண்கள் வந்தார்கள். அதோடு ஒப்பிட்டால் ஒரு வரி மாறுவது பெரிய விஷயமா? அரங்கேற்றம் முடியட்டும், அப்புறம் ஒரு நாள் தனியாக வாத்தியாரிடம் அந்த வரியைப் பாடிக் காட்டுங்கள். எனக்கென்னவோ அவர் அன்றைக்கே மனதுக்குள் ரசித்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். எங்கள் ஊர்க் கோயிலில் பொன்னர், சங்கர் என்கிற அண்ணன் தம்பியின் அண்ணன்மார் கதை, உடுக்கடிப் பாட்டு, பல நாள் ராத்திரி நடக்கும். ஒரு நாள் நடுச்சாமத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. ஆட்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். பாடுகிறவர் நிறுத்தவில்லை. தோல் நனைந்தால் சத்தம் போய்விடும் என்று உடுக்கையை மேல்துண்டுக்குள் இழுத்துக்கொண்டார், கண்ணை மூடிக்கொண்டு வீரமலைக் காட்டிலும் தூறலைக் கொண்டுவந்துவிட்டார். சங்கர் மரத்தடியில் நிற்கிறான், வேலில் தண்ணீர் வழிகிறது, அடுத்த வரி எங்களைப் பார்த்து வந்தது: "சங்கரு நனைஞ்சு நிக்கறான், நீ மட்டும் ஊட்டுக்குப் போறயா?" எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அந்த ஈர மண் இன்னும் காலில் ஒட்டுகிறது. 1965-ல் பிரெண்டா பெக் என்கிற மானுடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி இந்தக் கதை பாடப்படுவதை டேப்பில் பிடித்து வைத்தார், ரொம்பப் பெரிய காரியம், அதனால்தான் அந்த முறை பாடியது நமக்கு மிஞ்சியிருக்கிறது. நான் கேட்ட தூறல் எந்த டேப்பிலும் இல்லை. அந்தப் பாடகர் அந்தக் கதையை உண்டாக்கியவர் அல்ல, மெட்டும் அவருடையது அல்ல. தூறல் அவருடையது.

உங்கள் மயிலும் அதே மாதிரிதான் வந்தது. பாணி எப்படி வரும் என்று கேட்கிறீர்கள். நான் பார்த்தவரைக்கும் அது உங்களிடம் வந்துகொண்டுதான் இருக்கிறது, வரும்போதெல்லாம் யாராவது சிரிக்கிறார்கள், உடனே நீங்கள் அழித்துவிடுகிறீர்கள்.

இதை இவ்வளவு உறுதியாக ஏன் சொல்கிறேன் என்றால் நானும் அழித்தவன். இருபத்தைந்து வயதில் ஒரு கதை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன், வட்டார வழக்கைக் குறைத்துத் தந்தால் போடலாம் என்று பதில் வந்தது. குறைத்தேன். கதையில் அமத்தா பேரனிடம் "வெசனப்படாத கண்ணு" என்பாள், அதை "கவலைப்படாதே செல்லம்" என்று மாற்றினேன். கதை அச்சில் வந்தது. என் அமத்தாவுக்கு எழுத்துத் தெரியாது, திண்ணையில் உட்கார்ந்து ஆசையாகப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தக் கெழவி எந்த ஊர்க்காரி சாமி?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. ஆர். சண்முகசுந்தரம் 1942-லேயே நாகம்மாள் நாவலில் நம் பேச்சை நம் ஆட்கள் வாயிலேயே வைத்து எழுதிவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பத்திரிகைக்கு வேறு மாதிரிப் பதில் எழுதியிருப்பேன். அந்தக் கதையை இன்றுவரை எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை.

சரி, ஏஐ. வேலையில் கேட்டால் செய்து கொடுங்கள், அதில் வீம்பு வேண்டாம், சம்பளம் முக்கியம். அது நன்றாக வரைகிறது என்று நீங்கள் சொல்வதும் உண்மைதான், நானும் பார்த்தேன். காங்கேயம் காளை என்று கேட்டால் திமிலும் கொம்புமாகக் கம்பீரமாக ஒரு மயிலைக் காளை வரும், பின்னால் பொழுது சாயும், புழுதி பறக்கும். இதுவரை எல்லோரும் வரைந்தது, படம் பிடித்தது எல்லாம் சேர்ந்துதான் அதற்குக் காளை. ஆக உங்கள் அண்ணன் சொன்னதைத்தான் அதுவும் சொல்லும், இன்னும் அழகாகச் சொல்லும். நோட்டுக்குள் மட்டும் அதை விடாதீர்கள். வரையும்போது காதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கை நிற்கிறது பாருங்கள், அந்த நேரத்தில்தான் அப்பாரு கட்டுத்தரையில் அந்தக் கன்றுக்குக் காது எப்படித் தொங்கியது, தாய் நக்கின இடத்தில் மயிர் எந்தப் பக்கம் படிந்திருந்தது என்று மனது தேடிப் போகும். நாலு படம் முன்னால் வந்து விழுந்துவிட்டால் மனது தேடப் போகாது, நாலில் எது தேவலை என்று பார்ப்பதோடு சரி.

கன்றுக்கு வந்துவிட்டேன். உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்: காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும். ஆறு மாதம் போல ஆகும்போதுதான் நிறம் மாறிச் சாம்பலுக்கு வரும். கட்டுத்தரை வைத்திருந்த வீட்டில் இது தெரியாதவர்கள் இல்லை, கட்டுத்தரை போய் கார் நிறுத்துகிற இடமான பிறகு காளையைப் படத்தில் மட்டும் பார்க்கிறோம், படத்தில் அது எப்போதும் மயிலை. 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு காளை போட்ட டீ-ஷர்ட் எத்தனை பார்த்திருப்பீர்கள்! அத்தனையிலும் ஒரே காளை, ஒரே முறைப்பு. செவலைக் கன்று போட்ட ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. நீங்கள் வரைந்தது தப்பு இல்லை, அது நாய்க்குட்டி மாதிரி இருந்தால் அதிலும் தப்பில்லை, பிறந்த நாலு நாளில் கன்று அப்படித்தான் இருக்கும், முகத்தைவிடக் காது பெரிதாக, நான்கு காலும் நான்கு பக்கம் போய்க்கொண்டு.

சாம்பல் அடித்த பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், இருக்கட்டும். அடுத்த பக்கத்தில் திரும்ப வரையுங்கள், இந்தத் தடவை யாரிடமும் காட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள். டீ-ஷர்ட்டில் போடுவதாக இருந்தால் கன்றுக்கு ஒன்று, கழுத்துக் கயிறுக்கு ஒன்று என்று இரண்டு ஸ்கிரீன் போதும் என்பது என் கணக்கு. நீங்கள் ஒன்றிலேயே முடித்துவிடுவீர்கள்.